நாகப்பா கேட்ட கேள்வி

சலவைக் கடை கடையா? முடிதிருத்தும் கடை கடையா? 1948 நவம்பர் 29 அன்று தில்லியில், அரசமைப்பு நிர்ணய சபையில், சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த எஸ். நாகப்பா எழுந்து இப்படித்தான் கேட்டார். கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றுக்குச் சாதியின் பெயராலோ மதத்தின் பெயராலோ எந்தக் குடிமகனையும் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்ற பிரிவு அன்று விவாதத்துக்கு வந்திருந்தது. இன்று அது பிரிவு 15-இன் இரண்டாம் உட்பிரிவு. அன்றைய வரைவில் அதன் எண் 9. கூட்டாட்சி, நெருக்கடிநிலை, நீதிமன்றங்களின் அதிகாரம் என்று பெரிய விஷயங்களை எடைபோட்டுக்கொண்டிருந்த ஒரு சபையின் நடுவே சவரக் கத்தியையும் வெள்ளாவிப் பானையையும் கொண்டுவந்து வைத்தார் அந்த உறுப்பினர்.

அம்பேத்கர் அந்தக் கேள்வியைச் சின்னக் கேள்வியாக நினைக்கவில்லை. சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் 'கடை'க்குள் அடக்கம் என்பதில் தமக்குத் துளியும் ஐயமில்லை என்றார். நாடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக உட்கார்ந்திருக்கும் இடம் எதுவோ அதுவே கடை என்று விளக்கமும் சொன்னார். மருத்துவரின் அறை, வழக்கறிஞரின் அலுவலகம் எல்லாம் அதில் வந்துவிடும். நாகப்பா விடவில்லை. சுடுகாடு, இடுகாடு? அவற்றையும் கேட்டார். அதற்கும் பதில் வந்தது. அந்தப் பதிலில் ஒரு விரிசல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அந்த விவாதத்தின் பதிவை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. படித்ததும் நினைவுக்கு வந்தது என் ஏழாம் வகுப்புத் தோழன். எங்கள் ஊரில் ஒரே ஒரு முடிதிருத்தும் கடை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. ஞாயிறு காலை அப்பா என்னை அங்கே உட்காரவைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். அவனோ தலைமுடி வெட்ட பஸ் ஏறி டவுனுக்குப் போய் வருவான். ஏன்டா இவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்டேன். "டவுன்லதான் ஸ்டைலா வெட்டுவாங்க" என்றான். நான் நம்பினேன். பல நாள் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கடையில் நாற்காலி கிடையாது என்பது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில், தன்னை அவமதித்த ஊரின் மானத்தையும் தன் மானத்தையும் ஒரே பொய்யில் காப்பாற்ற அவன் கற்றிருந்தான். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நாகப்பா ஏன் அதைக் கேட்டார் என்று இப்போது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவரே ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். 'கடை' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போனால், ஊரில் அந்தச் சொல்லை எப்படிச் சுருக்குவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மளிகைக் கடை கடை, ஆனால் சவரம் செய்வது ஊர்த்தொழில், அது ஊரார் வைத்த முறைமை என்று ஒரு வாயிலைத் திறந்து ஒரு வாயிலை மூடும் சாமர்த்தியம் நமக்கு உண்டு. சட்டப் புத்தகத்துச் சொல் ஊருக்குள் நுழையும்போது எங்கே இடறும் என்பதை முன்கூட்டியே பார்த்தவரின் கேள்வி அது.

இந்தப் பட்டியல் தில்லியில் பிறந்ததும் இல்லை. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுத் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பொதுக் கட்டடங்களையும் எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்று ஆணையும் வெளியிட்டது. அதே ஆண்டுதான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது, பெரியார் போய்ச் சேர்ந்தார், சிறை சென்றார். அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே இதே போன்ற தீர்மானத்தை நிறைவேற்றவைத்திருந்தார். அந்தத் தீர்மானத்தை நம்பித்தான் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் மகாத் ஊரின் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். திரும்பிப்போனவர்களை ஊரார் அடித்தார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு நடந்தது, பத்து ஆண்டுகள். 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆக, பிரிவு 15-இல் 'குளம்' என்று ஒரு சொல் இருக்கிறதென்றால் அதற்குள் சவ்தார் இருக்கிறது, அங்கே உடைந்த மண்டைகள் இருக்கின்றன. 'சாலை' என்ற சொல்லுக்குள் வைக்கம் இருக்கிறது. 'உணவகம்', 'விடுதி' என்று எழுதியவர்களில் ஒருவரான அம்பேத்கர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்த 1917-இல் தங்க இடம் கிடைக்காமல், வேறு பெயர் சொல்லி ஒரு சத்திரத்தில் ஒண்டியிருந்து, கண்டுபிடிக்கப்பட்டதும் கம்போடு வந்த கூட்டத்தால் விரட்டப்பட்டவர். அந்த நாளைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். சட்ட வாசகங்கள் உணர்ச்சியற்றவை என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு பட்டியலையாவது நிறுத்திப் படிக்க வேண்டும்.

எழுபது ஆண்டுகளுக்கும் முன்னால் எழுதியது இன்றைக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பிரிவு 15-ஐப் பொறுத்தவரை இது நீதிமன்றங்களிலேயே பேசப்பட்டிருக்கிறது. கர்நாடகத்துக் கிராமம் ஒன்றில் புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் தலித் மக்கள் தண்ணீர் எடுக்கக் கூடாதென்று துப்பாக்கியைக் காட்டி விரட்டினார்கள். உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றம் 1992-இல் அந்த விடுதலையை மாற்றியது. கிணறு என்றால் கயிறும் வாளியும் உள்ள கிணறுதான் என்று யாரும் வாதாடிப் பிழைக்க முடியவில்லை. 2011-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. தனியார் கல்வி நிறுவனமும் பிரிவு 15-இன் பொருளில் 'கடை'தான் என்றது. அதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டது எதை? 1948 நவம்பரில் நாகப்பாவுக்கு அம்பேத்கர் சொன்ன பதிலை. சவரக் கடைக்காகக் கேட்ட கேள்வி அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவக் கல்லூரியின் கதவைத் தட்டியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் சுடுகாட்டைப் பற்றிய பதில் அப்படி வேலை செய்யவில்லை. பொதுப் பணத்தில் பராமரிக்கும் இடுகாடு என்றால் எல்லோருக்கும் அங்கே உரிமை உண்டு, அப்படி அரசோ நகராட்சியோ நடத்தும் இடுகாடே இல்லாத ஊரில் யாரும் உரிமை கோர ஒன்றுமில்லை என்று அம்பேத்கர் சொல்லியிருந்தார். சட்டத்தின் தர்க்கத்தில் அது சரி. நம் ஊர்களில் அந்த 'இல்லாத' இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஊர்ச் சுடுகாடு தனி, காலனிச் சுடுகாடு தனி. காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை இருக்காது. இருக்கும் பாதை யாருடைய பட்டா நிலத்துக்குள்ளோ போகும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் பாலத்தின் மேலிருந்து ஒருவரின் உடலைக் கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கயிற்றில் தொங்கிய அந்த உடலுக்கு வாழ்ந்த காலமெல்லாம் ஓட்டுரிமை இருந்தது. ஆற்றங்கரை வரை நடக்க ஆறடி அகலப் பாதை இல்லை.

தண்ணீருக்கு வருவோம். கிணறும் குளமும் நம் ஊர்களில் இப்போது பாதி செத்துவிட்டன. அவற்றின் இடத்தை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பிடித்திருக்கிறது. குழாய் வழியே தண்ணீர் வந்தால் தீட்டுப் பேச்சு ஓய்ந்துவிடும் என்று ஒரு தலைமுறை நம்பியது. வீட்டுக்குழாயில் வரிசை கிடையாது, குடம் உரசாது, யார் தொட்ட தண்ணீர் என்று தெரியாது. நிகழ்ந்தது வேறு. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி. பிரிவினை தரையில் இருந்தது, தூண் வைத்து வானத்தில் ஏற்றிவிட்டோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப்போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கேயே ஒரு டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள், வழக்குப் போட்டார்கள். உள்ளே விடப்படாதிருந்த மக்களை ஆட்சியர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போனார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த குற்றப்பத்திரிகை அதே மக்களில் மூவரைக் குற்றவாளிகள் என்கிறது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. குற்றத்தை யார் செய்தார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது அதற்கும் முந்தைய ஒன்று. அந்தக் கிராமத்தில் எல்லோருக்கும் ஒரே தொட்டியாக இருந்திருந்தால்? 'கிணறு, குளம்' என்று எழுதியவர்கள் ஒரே நீரைக் குடிக்கச் சொன்னார்கள். நாம் ஆளுக்கொரு நீர் கொடுத்து, சட்டத்துக்கும் பழுதில்லாமல் ஊருக்கும் மனக்குறையில்லாமல் காரியத்தை முடித்துக்கொண்டோம். அரசுப் பணத்தில்.

டீக்கடையும் இப்படித்தான் சட்டத்தோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டது. சிரட்டை போய் அலுமினியக் குவளை வந்தது. அலுமினியக் குவளைக்கு வழக்கு வரும் என்றானதும் பேப்பர் கப் வந்திருக்கிறது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், மற்றவருக்குப் பேப்பர் கப். கேட்டால், 'சுகாதாரம்' என்ற பதில் தயார். எந்த அதிகாரி வந்து எதைப் பிடிப்பது?

அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக அரசாங்கத்தை நோக்கி விரலை நீட்டுகிறோம். பேச்சுரிமையை அரசு பறிக்கிறது, மாநில உரிமையை ஒன்றியம் பறிக்கிறது. உண்மை, அந்தச் சண்டைகள் எல்லாம் தேவை. ஏனென்றால் அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசுக்குப் போட்ட கடிவாளங்கள். ஆனால் சில பிரிவுகள் அரசைத் தாண்டி நம்மை நேராகப் பார்த்துப் பேசுகின்றன. கடைக்காரரை, கிணற்றடியில் நிற்பவரை, கூலி கொடுப்பவரைப் பார்த்து. 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17, கட்டாய உழைப்பைத் தடுக்கும் பிரிவு 23, குழந்தைத் தொழிலாளர் முறையைத் தடுக்கும் பிரிவு 24 ஆகியவை தனிமனிதரையும் கட்டும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. வீட்டுவேலைக்கு ஆள் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டிய வரி.

பிரிவு 17-ஐ நான் பலமுறை படித்திருக்கிறேன், பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறி ஒப்பித்தும் இருக்கிறேன். வெகுகாலம் கழித்துத்தான் அதில் ஒன்று கண்ணில் பட்டது. பிரிவு 15 பொது இடங்களைப் பட்டியல் போடுகிறது. கடை, விடுதி, கிணறு, படித்துறை என்று எல்லாம் வீட்டுக்கு வெளியே. பிரிவு 17-இல் 'பொது' என்ற சொல்லே இல்லை. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, அதை எந்த வடிவில் கைக்கொள்வதும் தடுக்கப்படுகிறது. தீண்டாமை என்றால் என்ன என்றுகூட அது வரையறுக்கவில்லை. அன்று சபையில் சிலர் வரையறை வேண்டும் என்றார்கள், வைக்கப்படவில்லை. வரையறுத்திருந்தால் நாம் அந்த வரையறையின் ஓரமாகவே நடந்து தப்பியிருப்போம். 'எந்த வடிவிலும்' என்பதற்கு ஓரம் கிடையாது. அதே 1948 நவம்பர் 29 அன்று அந்தப் பிரிவு நிறைவேறியபோது உறுப்பினர்கள் காந்திக்கு ஜே போட்டார்கள் என்று பதிவு சொல்கிறது. அந்தப் பிரிவு தங்கள் வீட்டு அடுக்களை வரை வரும் என்று அன்று ஜே போட்டவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

என் வீட்டு அடுக்களைக்கு அது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். விருந்தாளிகள் எதிர்பார்த்ததற்கு மேல் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். காபிக்கு டம்ளர் போதவில்லை. சன்னல் கம்பிக்குள் கவிழ்த்துவைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். அம்மா, "அது வேண்டாம்பா, அது அவங்களோடது" என்றார். அவங்க என்றது பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவை. எங்கள் டம்ளர்கள் அத்தனையையும் நாள்தோறும் இரண்டு முறை கழுவித்தருவது அந்தக் கைதான். அந்தக் கை கழுவிய டம்ளரில் நாங்கள் குடிப்போம். அந்த வாய் வைத்த டம்ளரில் குடிக்கமாட்டோம். அம்மா அதைக் கோபமாகவோ அருவருப்பாகவோ சொல்லவில்லை. மரியாதைப் பன்மையில், 'அவங்களோடது' என்று, அவர் உடைமையைக் காப்பாற்றுவது போலச் சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது. பதினோரு ஆண்டுகளாக அந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் நின்று பல் தேய்த்திருக்கிறேன், வெளியே மழை பார்த்திருக்கிறேன். கூட்டங்களில் இரட்டைக் குவளையைக் கண்டித்துப் பேசிவிட்டு வந்து அதே சன்னலருகில் தண்ணீர் குடித்திருக்கிறேன். அந்த டம்ளரை நான் பார்த்ததே இல்லை.

அன்று அந்த டம்ளரில் நானே காபி குடித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அக்கா வந்ததும் எங்களுடைய டம்ளர் ஒன்றில் அவருக்குக் காபி கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கினார். "என் கிளாஸ் எங்க சார், உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டார். எவர்சில்வர் எப்படி உடையும்! எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இனிமேல் எல்லாம் ஒன்றுதான் அக்கா என்று சொன்னேன். அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்து குடித்தார். டம்ளரை மாற்றினேன், இடத்தை மாற்றவில்லை. மேசைக்கு வர அவருக்கும் எங்களுக்கும் இன்னும் எட்டு மாதங்கள் பிடித்தன. அம்மாவுக்கு இன்றுவரை அதில் முழுச் சம்மதம் இல்லை.

அரசமைப்பு ஒழுக்கம் என்பது தானாக வந்துவிடாது, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்று 1948 நவம்பர் 4 அன்று வரைவை அறிமுகம் செய்து பேசும்போதே அம்பேத்கர் சொன்னார். நம் மக்கள் அதை இனிமேல்தான் கற்க வேண்டும் என்றும் சொன்னார். அதை நான் நாடாளுமன்றத்துக்கும் ஆளுநர்களுக்கும் சொன்ன புத்திமதியாகவே வெகுநாள் படித்துவந்தேன். எட்டு மாதங்கள் அந்தச் சாப்பாட்டு மேசையைப் பார்த்தபின் அப்படிப் படிக்க முடியவில்லை.

சட்டம் எட்டாத இடங்களும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. பிரிவு 15-இன் பட்டியலில் வாடகை வீடு இல்லை. நகரங்களில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்ற இரண்டு சொற்களுக்குள் எத்தனை சாதிகளும் மதங்களும் வெளியேற்றப்படுகின்றன என்று. 2005-இல் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் மதத்தாருக்கு மட்டுமே வீடு என்று விதி வைத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றமே ஏற்றது. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. கடை என்ற சொல்லைக் கல்லூரி வரை விரித்த நீதிமன்றம், வாடகைக்குத் தரத் தயாராகக் கதவில் பலகை மாட்டியிருக்கும் வீட்டையும் அதே சொல்லுக்குள் ஒருநாள் கொண்டுவர வேண்டும். அடுக்ககங்களில் வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட் என்று ஒட்டியிருக்கும் தாளையும் யாராவது ஒருவர் கிழித்து எடுத்துக்கொண்டு போய் நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். நாகப்பா போல ஒருவர் எழுந்து, லிஃப்ட் சாலையா இல்லையா என்று கேட்க வேண்டும்.

நவம்பர் 26 அன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை எழுந்து நின்று வாசிக்கிறோம். நல்ல வழக்கம், தொடரட்டும். அன்று வீட்டுக்குப் போனதும் இன்னொன்றையும் செய்யுங்கள். உங்கள் சமையலறைச் சன்னலிலோ, கழிவறைக்குப் பக்கத்து மாடத்திலோ, வாசல் திண்டிலோ தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கழுவி, மற்ற டம்ளர்களோடு அடுக்கிவையுங்கள்.